தலையாட்டுற ஊருக்கு வந்த டாக்டரு தம்பிக்கு

வா நைனா, வா. அந்த சேருக்கு ஒரு காலு ஆட்டம், பாத்து உக்காரு. இன்னாவோ ரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு டிரையலு நடத்தப் போறியாமே? நம்ம சுகாதார நிலையத்துலயே, நம்ம ஜனத்தை வச்சேவாமே? நர்சம்மா சொல்லிச்சு. மெட்ராஸுல அத்தினி பெரிய ஆஸ்பத்திரி இருக்கும்போது இந்தப் புழுதியைத் தேடி வந்திருக்க. மொதல்ல அதுக்கு ஒரு கும்பிடு வாங்கிக்கோ.

வந்ததும் நியாயம்தான். ஆஸ்பத்திரி கட்டில்ல படுத்துக்கினு இருக்கறவனுக்கு வேளா வேளைக்கு மாத்திரையை நர்சு வாயிலயே போட்டுடும். இங்க மாத்திரை மாடக்குழியில இருக்கும், மனுஷன் கழனியில இருப்பான். அங்க நீங்க ஆளையும் பொறுக்கித்தான் எடுப்பீங்க. சக்கரை இருக்கக் கூடாது, கிட்னி கெட்டிருக்கக் கூடாது, வயசு ஏறியிருக்கக் கூடாது. அந்தக் கணக்குக்கு எங்க ஊருல தேடினா கபடி ஆடுற பசங்கதான் தேறுவானுங்க. அவனுங்களுக்கு எதுக்குக் கொதிப்பு மாத்திரை? கடைசியில அதைத் தின்னப் போறது நானும் என் கூட்டாளிங்களும்தான். அப்ப எங்க மேல சோதிச்சுப் பாக்கறதுதான் முறை.

ஆனா ஒரு ரகசியம் சொல்றேன், காதைக் குடு. இந்த ஊருல ஒருத்தனும் உன் மூஞ்சியைப் பாத்து மாட்டேன்னு சொல்ல மாட்டான். உனக்கு வரப்போற பேஜாரே அதுதான்.

கழுத்துல அந்தக் குழாய் தொங்கினா எங்க தலை தானா ஆடும். "மாத்திரை சாப்டீங்களா பெரியவரே?" ஆடும். "தலை சுத்தல் ஏதாவது இருக்குதா?" இல்லைன்னு பக்கவாட்டுல ஆடும். "நான் சொன்னதெல்லாம் புரிஞ்சுதா?" இதுக்கு ரொம்ப ஜோரா ஆடும். படிச்ச புள்ள, இவ்ளோ தூரம் வந்திருக்குது, அது மனசு நோகக் கூடாதுன்னு ஒரு மரியாதை. நீ அத்தனையும் அந்த டேப்லெட்டுப் பலகையில தட்டிக்கினு போயி, கிட்டத்தட்ட எல்லாருமே மாத்திரையை ஒழுங்கா முழுங்கினாங்கன்னு வெளிநாட்டுப் பத்திரிகையில எழுதிடுவ. எங்க வூட்டுக் கோழிங்க சிரிக்கும். முழுங்கினது யாருன்னு அதுங்களுக்குத்தானே தெரியும்?

கெழவன் உதாரு வுடுறான்னு நினைக்காத. சேத்துப்பட்டுல டி.பி. ஆராய்ச்சிக் கூடம் இருக்குதே, அதோட கதையைப் படிச்சிருக்கியா? படிச்சிருப்ப, பரீட்சைக்கு. நான் சொல்ற மாதிரி படிச்சிருக்க மாட்ட.

அந்தக் காலத்துல டி.பி. வந்தா சானடோரியம்தான் கதி. தாம்பரத்துக்குப் பக்கத்துல ஒரு ரயிலு ஸ்டேஷனுக்கே அந்தப் பேரு நின்னு போச்சு பாரு, அத்தினி பிரசித்தம். ஆனா கட்டிலு கொஞ்சம், நோயாளி எக்கச்சக்கம். 1956-ல இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மெட்ராஸ் சர்க்காரு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் கூடி ஒரு வேலை பண்ணுச்சுங்க. தலைமைக்கு வாலஸ் ஃபாக்ஸ்னு ஒரு வெள்ளைக்காரரு. 193 ஏழை நோயாளிங்களைக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேரை சானடோரியத்துக்கும் மீதிப் பேரை அவங்கவங்க வூட்டுக்கும் அனுப்புனாங்க. ரெண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருஷம். அங்க நல்ல சாப்பாடு, ஓய்வு, பாத்துக்க நர்சு. இங்க கஞ்சி, நெரிசலான வூடு, முடிஞ்சா கூலி வேலை.

வருஷக் கடைசியில கணக்குப் பாத்தா சானடோரியத்துல 100-க்கு 92 பேருக்கு நோய் அடங்கியிருந்துச்சு, வூட்டுல 86 பேருக்கு. எடை மட்டும் சானடோரியத்துக்காரனுக்குத்தான் நல்லா ஏறுச்சு. கிருமி கஞ்சிக்கும் பயந்துதான் போயிருக்குது. கூட இருந்த பொண்டாட்டி புள்ளைங்களுக்கும் அதனால நோய் அதிகமா ஒட்டல. 1959-ல அந்தக் கணக்கு வெளிய வந்தப்புறம், டி.பி.க்காரனை ஊரை வுட்டுத் தள்ளி வைக்கணும்ங்கிற நினைப்பையே உலகம் கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கிச்சு. ஏழைங்க வூட்டுத் திண்ணையில நடந்த ஆராய்ச்சி நைனா அது. நீ பண்ண வந்திருக்கற வேலைக்குப் பாட்டன்.

ஆனா நான் சொல்ல வந்தது மார்க்கு கதை இல்ல. அந்த ஆளுங்க மாத்திரை சாப்டியான்னு கேட்டுட்டு தலையாட்டினதும் எழுதிக்கினு போகல. சொல்லாம கொள்ளாம வூட்டுக்கு ஆளு அனுப்பி மிச்ச மாத்திரையை எண்ணிப் பாத்தாங்க. மூத்திரத்தை வாங்கிப் போயி அதுல மருந்து இருக்குதான்னு சோதிச்சாங்க. பி.ஏ.எஸ்.னு ஒரு மருந்து அப்ப. ஒரு நாளைக்கு எத்தினியோ முழுங்கணும், வயித்தைப் பொரட்டும். எவன் ஒழுங்கா சாப்பிடுவான்? வாய் சாப்டேன்னு சொல்லும், மூத்திரம் இல்லைன்னு சொல்லும். மூத்திரத்துக்கு டாக்டரு மேல மரியாதையே கிடையாது. அப்பால அவங்களே யோசிச்சு, வாரத்துக்கு ரெண்டு நாளு வா, எங்க எதிர்க்கவே போட்டுக்கோன்னு ஒரு முறையை 1960-கள்ல சோதிச்சாங்க. இன்னிக்கு உலகம் பூரா டி.பி.க்கு எதிர்க்க நின்னு மருந்து குடுக்கறாங்களே, அந்த வழக்கத்துக்கு வேரு அங்கதான் இருக்குது.

உன் கொதிப்பு மாத்திரைக்கு அவ்ளோ தூரம் போகவேணாம். கேள்வியை மாத்து, போதும். 'சாப்டீங்களா'ன்னு கேக்காத, 'எத்தினி மிச்சம் இருக்குது, அட்டையை எடுத்தாங்க பாப்போம்'னு கேளு. அதையும் ஒத்த ஆளா இருக்கும்போது கேளு. மாமியா எதிர்க்க மருமவ சொல்ற கணக்கும், புள்ள எதிர்க்க அப்பன் சொல்ற கணக்கும் கோர்ட்டுல நிக்காது.

இன்னொன்னு. நீரு மாத்திரைன்னு ஒன்னு குடுக்கறீங்க இல்ல, அது போட்டா அடிக்கடி ஒதுங்கணும். திருவள்ளூருக்கு பஸ்ஸுல போற அன்னிக்கு எங்க வூட்டுப் பொம்பளைங்க அதைத் தொடக்கூட மாட்டாளுங்க. வழியில எங்க போறது? இன்னொரு மாத்திரைக்குக் காலு வீங்கும். நாங்க அதை உன்கிட்ட சொல்ல மாட்டோம். நடந்து வந்ததுனால வீங்கிச்சுன்னு நினைப்போம். தலை சுத்தினா பித்தம். வாய் காஞ்சா உடம்புச் சூடு. மோரைக் குடிச்சுட்டு மாத்திரையை நாலு நாளு நிறுத்திப் பாப்போம். உன் தாளுல 'பக்க விளைவு'ன்னு ஒரு கட்டம் போட்டு வச்சிருக்க. 'சூடு பண்ணுச்சா?'ன்னு ஒரு கட்டம் போட்டுப் பாரு, இடமே பத்தாது.

நீ என்னவோ எங்களுக்கு டிரையலு புதுசுன்னு நினைச்சுக்கினு படம் காட்டி விளக்குன பாரு, நேத்து. எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. உங்க அப்பாவே அப்ப பொறந்திருக்க மாட்டாரு. 1968-ல இந்த செங்கல்பட்டு மாவட்டத்துல, அப்ப திருவள்ளூரும் அதுலதான் சேத்தி, பி.சி.ஜி. ஊசிக்கு ஒரு சோதனை ஆரம்பிச்சாங்க. கிட்டத்தட்ட 2,80,000 ஜனம். ரொம்பப் பெரிய சோதனை நைனா அது. ஊரு ஊரா ஜனத்தை எழுதினாங்க. எக்ஸ்ரே எடுத்தாங்க, சளியைப் புடிச்சாங்க, கையில குத்தி மூணு நாளு கழிச்சு வந்து தடிப்பை அளந்தாங்க. ஊசியில மூணு வகை. ஒன்னு மருந்து முழு அளவு, ஒன்னு கம்மி அளவு, ஒன்னு சும்மா வெத்து ஊசி. யாருக்கு எதுன்னு போடுறவங்களுக்கும் தெரியாது.

எனக்கு அப்ப மீசை அரும்புற வயசு. ஊசி போட்ட எடத்துல எனக்குத் தழும்பே விழல. என் தங்கச்சிக்கு ஷோக்கா வட்டமா விழுந்துச்சு. அதுல அவளுக்கு ஒரு கர்வம். 'உனக்குத் தண்ணி, எனக்குத்தான் மருந்து'ன்னு கல்யாணம் ஆகிப் போற வரைக்கும் சொல்லிக் காட்டுனா. 1979-ல கணக்கு வெளிய வந்துச்சு. பெரியவங்களுக்கு வர்ற நுரையீரல் டி.பி.யை அந்த ஊசி தடுக்கலை. மருந்து போட்டவனும் வெத்து ஊசி போட்டவனும் ஒன்னுதான்னு முடிவு. இதை எங்க வாத்தியாரு ஒருத்தரு எனக்குப் படிச்சுச் சொன்னாரு. நான் அன்னிக்கே பஸ் புடிச்சு தங்கச்சி வூட்டுக்குப் போனேன். அறிவியலுக்காக அவ்ளோ வேகமா நான் அதுக்கு முன்னாடியும் போனதில்ல, அப்பாலயும் போனதில்ல.

சிரிக்கிற. ஆனா யோசிச்சுப் பாரு. அந்த ஊசி ஜெயிக்கணும்னு உலகமே காத்துக்கினு இருந்துச்சு. வருஷக் கணக்கா பாடுபட்டுட்டு, ஜெயிக்கலன்னு அச்சுல போட்டாங்க பாரு, அதுக்குத் தெம்பு வேணும். ஊரே தலையாட்டிச்சே, அவங்க அந்தத் தலையாட்டலை நம்பியிருந்தா ஊசி ஜெயிச்சிருக்கும். சளியையும் எக்ஸ்ரேயையும் வருஷக் கணக்கா தொடர்ந்து பாத்தாங்க, அதனால உண்மை வந்துச்சு. கொழந்தைங்களுக்கு வர்ற மூளைக் காய்ச்சல் மாதிரி கொடிய டி.பி.யை அது தடுக்குதுன்னுதான் பொறந்ததும் இன்னிக்கும் போடுறாங்க. உன் கொழந்தைக்கும் போடு. என் தங்கச்சிக் கதையைக் கேட்டுட்டு நிறுத்திடாத.

சரி, அந்தச் சம்மதத் தாளுக்கு வா. எத்தினி பக்கம்டா சாமி! நிலம் கிரயம் பண்ணும்போதுகூட நான் அவ்ளோ படிச்சதில்ல. படிக்கத் தெரியாதவங்களுக்கு, பக்கச் சார்பு இல்லாத சாட்சி ஒருத்தரு ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் கூடவே இருக்கணும்னு விதி. உன்கூட வந்த பையன் இன்னா பண்ணான் தெரியுமா? டீ குடிச்சிக்கினு இருந்த என்னைக் கூப்ட்டு, ஏற்கனவே கைநாட்டு வச்ச தாளுங்களை நீட்டி, 'தாத்தா இங்க ஒரு கையெழுத்து'ன்னான். நான் எஸ்.எஸ்.எல்.சி., கையெழுத்து அழகா இருக்கும், அதுல சந்தேகம் இல்ல. ஆனா டீக்கடையில உக்காந்துக்கினு நான் எதுக்குடா சாட்சி? பஜ்ஜி சூடா இருந்துச்சுங்கறதுக்கா?

இந்த விஷயத்துல வெளையாட்டு வேணாம். 2009-ல ஆந்திராவுல கம்மம் மாவட்டத்துலயும் குஜராத்துல வடோதராவுலயும், கர்ப்பப்பை வாய் புத்துநோயைத் தடுக்குற ஊசியை 10 வயசுல இருந்து 14 வயசுக்குள்ள பொண்ணுங்களுக்குப் போட்டாங்க. ரெண்டு எடமும் சேத்து 20,000 பேருக்கு மேல. கம்மத்துல ஹாஸ்டல்ல தங்கிப் படிச்ச ஆதிவாசிப் பொண்ணுங்க பல பேருக்கு, பெத்தவங்களுக்குப் பதிலா வார்டன் கையெழுத்துப் போட்டிருக்காரு. 7 பொண்ணுங்க செத்துப் போச்சுங்க. 2010-ல எல்லாத்தையும் நிறுத்தினாங்க. விசாரிச்சவங்க, சாவுக்கு ஊசி காரணம்னு சொல்ல முடியலைன்னாங்க. ஆனா சம்மதம் வாங்கின லட்சணத்தை 2013-ல பார்லிமென்ட் கமிட்டி கிழி கிழின்னு கிழிச்சுது. இத்தனைக்கும் அது நல்ல ஊசி, உலகத்துல பல நாட்டுல போடறாங்க. கேக்க வேண்டியவங்களைக் கேக்கல, அதுதான் கேடு.

அதனால தாளைக் குடுத்ததும் கைநாட்டு வாங்காத. ஒரு ராத்திரி அது அவங்க வூட்டுலயே இருக்கட்டும். மறுநாளு வந்து, 'நான் இன்னா சொன்னேன், நீ சொல்லு'ன்னு அவங்க வாயால சொல்ல வை. என் பக்கத்து வூட்டு அம்மா எதுக்குத் தலையாட்டிச்சு தெரியுமா? மாட்டேன்னு சொன்னா மாசா மாசம் குடுக்குற சர்க்காரு மாத்திரையை நிறுத்திடுவாங்கன்னு பயந்துக்கினு. இது வைத்தியம் இல்ல, ஆராய்ச்சி, வேணாம்னாலும் உன் மாத்திரை நிக்காது, நடுவுல விலகினாலும் யாரும் கோவிக்க மாட்டோம், உடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா வைத்தியமும் நஷ்ட ஈடும் எங்க பொறுப்பு. இதை மட்டும் தெருவுல நின்னு நாலு தரம் சத்தமா சொல்லு. மத்த பக்கத்தை எல்லாம் வக்கீலு படிச்சுக்கட்டும்.

உங்க நெறிமுறைக் குழு ஒன்னு இருக்குதாமே. 2019 விதிப்படி குறைஞ்சது 7 பேரு, அதுல ஒரு பொம்பளையாவது, ஒரு சாமானிய ஆளாவது இருக்கணும், பாதிப் பேராவது வெளியாளா இருக்கணும். அந்தச் சாமானிய ஆளு யாருன்னு விசாரிச்சேன். ரிட்டயர்டான பேங்கு மேனேஜராம். நகையை வச்சுட்டு அவரு எதிர்க்க நின்னு பாத்தவங்களைக் கேளு, அவரு சாமானிய ஆளான்னு.

அப்பால இந்தக் குலுக்கல். புருஷனுக்கு ஒரு மாத்திரை, பொண்டாட்டிக்கு வேற மாத்திரைன்னு கம்ப்யூட்டரு சொல்லிடும். ரெண்டும் போயி ஒரே பிஸ்கட்டு டப்பாவுல விழும். 'என்னுது தீந்து போச்சு, உன்னுதுல ஒன்னு குடு.' முடிஞ்சுது உன் ஆராய்ச்சி. எங்க ஊருல பால், மோர், மாத்திரை மூணும் கடன் குடுக்கலாம், கணக்கு கிடையாது. அதனால ஆளைக் குலுக்காத, ஊரைக் குலுக்கு. மகாராஷ்டிராவுல கட்சிரோலின்னு ஒரு காட்டுப் பக்கம் அபய் பங், ராணி பங்னு ஒரு டாக்டரு தம்பதி, குலுக்காட்டியும், ஊரு ஊராத்தான் பிரிச்சுப் பண்ணாங்க. 39 ஊருல ஊருப் பொம்பளைங்களுக்கே பச்சப்புள்ளையைப் பாத்துக்கப் பழக்கிக் குடுத்தாங்க, பழகின பொம்பளைங்களே வூடு வூடாப் போனாங்க. பக்கத்துல 47 ஊரை வச்சு ஒப்பிட்டுப் பாத்தா, பொறந்த ஒரு மாசத்துக்குள்ள சாகுற சாவு 62 சதவீதம் குறைஞ்சு போச்சு. 1999-ல பத்திரிகையில வந்துச்சு. நம்ம திருச்சிப் பக்கத்துலயும் 15,419 கொழந்தைங்களைச் சேத்து, அதுல ஒரு பாதிக்கு வாரா வாரம் வூட்டுக்கே போயி வைட்டமின் ஏ சொட்டு குடுத்து, சாவு பாதிக்கு மேல குறைஞ்சதைக் காட்டுனாங்க, 1990-ல. ரெண்டுலயும் ஓடுனது யாரு? பெரிய டாக்டரு இல்ல, தெருவுல நடந்த பொம்பளைங்க.

அதனால நம்ம நர்சம்மாகிட்ட பதனமா நடந்துக்கோ. அதுக்கு ஏற்கனவே கர்ப்பிணி கணக்கு, தடுப்பூசிக் கணக்கு, போன்ல ஒன்னு, நோட்டுல ஒன்னுன்னு எழுதி விரலு தேஞ்சு கிடக்குது. மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை கொண்டாற பொண்ணு ஒன்னு இருக்குது, அதுக்கு எந்த வூட்டு மாத்திரை எந்த மாடக்குழியில தூங்குதுன்னு தெரியும். நீ அதுங்க தலையிலயே உன் பலகையையும் கட்டுனா, சாயங்காலம் திண்ணையில உக்காந்து எல்லாக் கட்டத்தையும் அதுங்களே நிரப்பிடுங்க. அளவு எல்லாம் 130-க்கு 80, 130-க்கு 80-ன்னு அழகா வரும். தனியா ஆளு போடு, சம்பளம் குடு, உன் ஆராய்ச்சித் தாளுல அதுங்க பேரையும் போடு.

நேரமும் பாத்துக்கோ. வெறும் வயித்துல காலையில வான்னு சொல்ற. நூறு நாளு வேலைக்குக் காலையில போட்டோவுல நிக்கலைன்னா கூலி போச்சு. உன் பஸ்ஸு காசு அதுக்கு ஈடாகாது. ஆடி மாசம் கூழு ஊத்துறப்ப வராத. வெள்ளிக்கிழமை ரத்தம் கேக்காத, என் வூட்டுக்காரி குடுக்க மாட்டா, மகாலட்சுமி போயிடுமாம். நீ எடுக்கிறது ரெண்டு ஸ்பூனு ரத்தம், அதை ஸ்பூனு வச்சே காட்டு. காட்டாம வுட்டா, சாயங்காலத்துக்குள்ள அது ஒரு சொம்பு ஆயிடும். தண்ணித் தொட்டிகிட்ட பேச்சு அப்படித்தான் வளரும்.

இன்னும் ஒரே ஒரு விஷயம், இதுதான் எங்க ஊருக்கு ஆறாத புண்ணு. சில வருஷத்துக்கு முன்னால சக்கரை வியாதிக்குன்னு ஒரு கூட்டம் வந்துச்சு. எந்தக் கூட்டம்னு கேக்காத. காலை நோண்டுனாங்க, ரத்தம் எடுத்தாங்க, ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டப்பா குடுத்தாங்க. பொண்ணு பாக்க வந்தவங்க சொஜ்ஜி பஜ்ஜி தின்னுட்டு, ஊருக்குப் போயி கடுதாசி போடறோம்னு சொல்லிட்டுப் போன கதைதான். இன்னிய வரைக்கும் பதிலு இல்ல. எங்க ரத்தத்துல இன்னா இருந்துச்சு, அந்த மருந்து புடிச்சுதா புடிக்கலையா, ஒன்னும் தெரியாது. அதனாலதான் இப்ப ஜனம் உன்கிட்ட தலையை மட்டும் ஆட்டுது, மனசைத் தரல. நெசத்தைச் சொன்னவனுக்கு நெசம் திரும்பி வரலைன்னா, அடுத்த தரம் அவன் எதுக்கு மெனக்கெட்டு நெசம் சொல்லணும்?

நீ எந்தப் பத்திரிகையில வேணா போடு. ஆனா போடுறதுக்கு முன்னாடி கிராம சபைக்கு வந்து சொல்லிடு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2-ன்னு பல நாளை சர்க்காரே குறிச்சு வச்சிருக்குது, மைக்செட்டு பஞ்சாயத்து செலவு. மாத்திரை ஜெயிச்சா ஜெயிச்சுதுன்னு சொல்லு, தோத்தா தோத்துதுன்னு சொல்லு. தோத்ததைக் கேட்டு இந்த ஊரு அழாது, எங்களுக்கு 1979-லயே பழக்கம் ஆயிடுச்சு.

இதுக்கு ஒத்துக்கிறியா? ஒத்துக்கிட்டா என் பேரை எழுதிக்கோ. ரத்தம் மட்டும் இன்னிக்கு வேணாம், ரெண்டு வடை ஏற்கனவே உள்ள போயிடுச்சு. திங்கக்கிழமை காலையில வா, அன்னிக்குத் தலையாட்டாம பதிலு சொல்றேன்.